மொட்டுப்புழுவும் உண்மை விளம்பியும்

இந்த ஸீட்டுக்கு ஆள் வருதா மேடம்? இல்லைன்னா நான் உக்காந்துக்கிடுதேன். முன்வரிசை எனக்கு வேண்டாம். நடைபாதை ஓரந்தான் வேணும். கூப்பிட்ட உடனே எந்திரிச்சுப் போகத் தோதா இருக்கணும்லா. இல்ல இல்ல, ஃபைலைக் கீழ வைக்க மாட்டேன். மடியிலயே இருக்கட்டும். ஆறு வருசமா சேத்தது.

சீஃப் கெஸ்ட் இன்னும் வரலையாம். ரயில்வே கேட் போட்டுட்டாங்களாம். வரட்டும், பைய வரட்டும். இருபது வருசம் பொறுத்தவளுக்கு அரை மணி நேரம் ஒரு கணக்கா? அவரு வராம நானும் வாயைத் திறக்கப் போறதில்ல. யுனிவர்சிட்டி ரிஜிஸ்ட்ரார்லா அவரு. அவரு காதுல விழணும், அதுக்குத்தான் சங்கரன்கோவில்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்.

நீங்க இங்கதான் வேலையா? லைப்ரரியனா? வந்து எத்தனை வருசம்? ரெண்டுதானா. அப்போ உங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அதுவும் நல்லதுதான்.

மேடையில நடுவுல உக்காந்திருக்காரே, வெள்ளைச் சட்டை, காதுல மிஷின், அவருதான் திரவியம் சார். இன்னிக்கு அவருக்குத்தான் பாராட்டு. விலங்கியல் துறைக்கு ஐம்பது வருசம், அதுல முப்பது வருசம் இவரு ராஜ்ஜியம். பொன்னாடை என்ன, மாலை என்ன! முகத்தைப் பாருங்க. கொஞ்சமாவது ஆடு திருடின முழி இருக்கா? பச்சப்பிள்ளை மாதிரி சிரிக்காரு. சிரிக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரந்தான்.

என் பேரு ஆவுடைச்செல்வி. ஊர்ல ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல பயாலஜி எடுக்கேன். எம்ஃபில் இந்தக் காலேஜ்லதான், இவருகிட்டதான். அந்தா, மாடியில மூணாவது ஜன்னல் தெரியுதா, அதான் எங்க லேப். இவருதான் எனக்கு கைடு. என்னத்த கைடு!

நான் எடுத்தது மல்லி மொட்டுப்புழு. எங்க ஊர்ப்பக்கம் எல்லாம் மல்லிதான மேடம். மொட்டுக்குள்ள ஒரு புழு இருக்கும், தலை மட்டும் கருப்பா, சின்னதா. உள்ள இருந்தே தின்னும். வெள்ளை மொட்டு ஊதாவாத் திரும்பி உதிர்ந்துரும். எந்தத் தோட்டத்துல எவ்வளவு, எந்த மாசம் கூடுது, உதிர்ந்த மொட்டைக் கூட்டி அள்ளிப் புதைச்சா கொறையுதா, இதைத்தான் நான் பாத்தேன். பதினோரு தோட்டம். தோட்டத்துக்கு நூறு மொட்டு. நாலு மாசம்.

முதல்ல ஒருத்தரும் உள்ள விடலை. நூறு மொட்டைக் கிள்ளிப் போட்டா அது யாரு வீட்டுக் காசுன்னு கேட்டாங்க. எங்க அப்பாதான் பேசினாரு. அப்பாவுக்குப் பூச்சந்தையில தராசு பிடிக்கிற வேலை. எல்லாத் தோட்டக்காரரும் பழக்கம். "என் மவ படிப்புக்கு ஐயா, அவ எழுதுறது அச்சுல வரும், உங்க தோட்டத்துப் பேரும் வரும்"னு ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் நின்னாரு. சந்தை முடிஞ்சு வீட்டுக்குப் போய்த் தலையைச் சாய்க்கிற மனுசன், நேரா தோட்டத்துக்கு வந்து வரப்புல உக்காந்துக்கிடுவாரு. ஊசியால மொட்டைப் பிளந்து, "இருக்கு... இல்ல... இல்ல... இருக்கு"ன்னு சொல்லுவாரு. நான் நோட்டுல குறிப்பேன். அஞ்சாங்கிளாஸ் படிச்ச மனுசன், ஒரு மொட்டு தப்பாச் சொன்னதில்ல.

அவ்வளவு பாடுபட்டு எழுதிக் குடுத்தேன். சார் பாராட்டினாரு. "இதை வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பலாம் ஆவுடை, நான் பாத்துக்கிடுதேன்"னாரு. அப்பா சந்தை முழுக்கச் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் பூக் கொண்டுவார ஒவ்வொருத்தனும், "என்ன, வந்துட்டா? அச்சுல வந்துட்டா?"ன்னு கேப்பான். அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னைக் கேப்பாரு. "வந்துட்டாம்மா?"

வரலை. ஒரு வருசம் ஆச்சு, வரலை.

அதுக்குள்ள டிபார்ட்மெண்ட்ல ஒரு இடம் விழுந்துச்சு. லெக்சரர் போஸ்ட். எனக்குத்தான்னு ஊரே பேசிச்சு. யாருக்குப் போச்சு தெரியுமா? சாரோட அக்கா மவனுக்கு. எப்படி இருக்கு கதை? கேட்டா, அவன் பிஎச்டி முடிச்சிருந்தானாம், எனக்கு எம்ஃபில்தானாம். இதெல்லாம் ஒரு காரணமா மேடம்? பிஎச்டி என்ன, நாளைக்கு நானுந்தான் முடிப்பேன். அக்கா மவன்னு சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன்.

அந்தா பாருங்க, அந்தா. டிரேயில டீ வச்சுக்கிட்டு வரிசை வரிசையா வாரான் பாருங்க, கட்டம் போட்ட சட்டை. அவனேதான். என்ன பணிவு! என்ன குனிவு! டிபார்ட்மெண்ட் ஹெட்டு டீ குடுக்கானாம், பியூன் லீவாம். நடிப்புன்னா நடிப்பு.

அவன் பேரை ஒரே ஒரு தடவை சொல்லுதேன், மறுபடி கேக்காதீங்க. சங்கரலிங்கம். ஏ. சங்கரலிங்கம். அவன் அப்பா ஆவுடையப்பன். எங்க ஊர்ல சாமி பேரு சங்கரலிங்கம், அம்மன் பேரு ஆவுடையம்மாள். தெருவுக்கு நாலு சங்கரலிங்கம், நாலு ஆவுடை. என் பேருலயும் ஆவுடைதான். எங்க அப்பா பேரும் சங்கரலிங்கந்தான். தெய்வம் மாதிரி மனுசன், அவரு பேரை இந்தக் களவாணிக்குச் சொல்ல எனக்கு நாக்கு கூசுது. அதான் சொல்ல மாட்டேன். 'அவன்'னாலே போதும்.

வேலை கைவிட்டுப் போன அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தாளு மூஞ்சியில இனி முழிக்கிறதில்லைன்னு. கொஞ்ச நாள் கழிச்சு, நல்லா ஞாபகம் இருக்கு, சித்திரை மாசம், காலேஜ் முத்திரை குத்தின கவர் ஒண்ணு ரிஜிஸ்டர் தபால்ல வந்துச்சு. நல்ல கனமா இருந்துச்சு. போஸ்ட்மேன் அப்பா கையில குடுத்துட்டாரு. அப்பா அப்பவே சொகமில்லாம சாய்வு நாற்காலியில கிடக்காரு. கவரைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிட்டாரு. நான் அடுப்பங்கரையில இருந்து ஓடி வந்து கையில இருந்ததைப் புடுங்கிட்டேன். "அந்தாளு எழுதின ஒரு காயிதம் இந்த வீட்டு வாசப்படி தாண்டக் கூடாது"ன்னு போஸ்ட்மேன்கிட்ட திருப்பிக் குடுத்தேன். அப்பா, "ஒரு தடவை பிரிச்சுப் பாத்துட்டு அனுப்பேன்மா"ன்னாரு. ஒரு தடவையும் கிடையாதுன்னுட்டேன். 'வாங்க மறுத்தார்'னு எழுதச் சொல்லி, எழுதுறாரான்னு பக்கத்துல நின்னு பாத்தேன். எப்படி?

சமாதானம் பேசி எழுதியிருப்பாரு, வேற என்ன இருக்கும்? ரெண்டாவது கவரும் வந்துச்சு. அதுவும் வாங்க மறுத்தார்.

எங்க ஊர்த் திருவிழா, ஆடித்தபசு முடிஞ்ச மறுவாரம் அப்பா போயிட்டாரு. கடைசி வாரத்துல கூட கேட்டாரு மேடம். பேச்சு குழறுது, அப்பவும், "அச்சுல வந்துட்டாம்மா?" நான் என்ன சொல்லுவேன்? போர்வையை இழுத்துப் போத்திவிட்டேன். பொய்யாவது சொல்லியிருக்கலாம். துட்டிக்குத் திரவியம் சார் வந்தாரு, மாலையும் கையுமா. இன்னொரு கையில மறுபடியும் ஒரு கவர்! பாத்தீங்களா துணிச்சலை? வாசல்லயே நிறுத்திட்டேன். அத்தனை சனம் பாக்க, "உங்க மாலை எங்க அப்பா மேல விழக்கூடாது, எடுத்துட்டுப் போங்க"ன்னேன். கவரை நீட்டினாரு. கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். போயிட்டாரு. அதோட அவரும் விட்டுட்டாரு. ஆனா நான் விடலை.

எங்க அப்பா ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணு. மவ எழுதினது அச்சுல வரணும், அதைச் சந்தைக்குக் கொண்டு போய்க் காட்டணும். அதைப் பாக்காம அந்தக் கண்ணை மூட வச்சவரு இவரு. இதை நான் மறந்தா மனுசியா?

இப்போ நீங்க தூங்கிராதீங்க, விசயம் இனிமேத்தான் இருக்கு. உங்க சப்ஜெக்ட்டு.

ஆறு வருசத்துக்கு முன்னால எங்க ஸ்கூல்ல புதுசா கம்ப்யூட்டர் ரூம் போட்டாங்க. அந்த மிஸ்ஸு ஒரு நாள் சொன்னா, உலகத்துல உள்ள ஆராய்ச்சிப் பத்திரிகை, புத்தகம் எல்லாத்தையும் சேத்து வச்ச டேட்டாபேஸ் இருக்கு அக்கா, பேரைப் போட்டா ஆள் எழுதினது பூராவும் வரும்னு. சோத்து டப்பாவைக்கூடத் திறக்காம போய் உக்காந்தேன். முதல்ல யாரு பேரைப் போட்டேன்னு நினைக்கீங்க? என் பேரைத்தான். எஸ் புள்ளி ஆவுடைச்செல்வி. சின்னதா ஒரு வட்டம் சுத்திச்சு. 'முடிவுகள் எதுவும் இல்லை.' இனிஷியல் இல்லாமப் போட்டேன். இல்லை. ஆவுடை, செல்வி தனித்தனியாப் பிரிச்சுப் போட்டேன். இல்லை. அப்புறம் எம். திரவியம்னு போட்டேன். அம்மாடி! அறுபத்தி நாலு!

அன்னைக்கு ஆரம்பிச்சது. தினம் மத்தியானம் அரை மணி நேரம். எல்லாம் நானே கத்துக்கிட்டேன். மேற்கோள் குறிக்குள்ள போட்டா அப்படியே உள்ளதை மட்டும் எடுத்துத் தரும். இடது பக்கம் வருசவாரியா வடிகட்டலாம், பத்திரிகைவாரியா வடிகட்டலாம். அறுபத்தி நாலையும் ஒவ்வொண்ணா, மொட்டைப் பிளக்குற மாதிரி பிளந்து பாத்தேன். மீனு, நத்தை, கொசு, என்னென்னமோ. நாப்பத்தி ஒண்ணாவதுல மாட்டிச்சு.

தலைப்பை ரெண்டு தடவை படிச்சேன் மேடம். சங்கரன்கோவில் வட்டார மல்லியில மொட்டுப்புழு. சுருக்கம்னு ஒரு பத்தி போட்டிருப்பாங்கல்லா, அது என் பத்தி. என் வரி. பதினோரு தோட்டம், நூறு மொட்டு, நாலு மாசம், ஒரு எழுத்து மாறலை. அதுக்கு மேல எழுதினவங்க பேரு. எப்படிப் போட்டிருந்துச்சு? 'சங்கரலிங்கம் ஏ., திரவியம் எம்.'

எப்படி! வேலையை அக்கா மவனுக்குக் குடுத்தாரு, சரி. என் புழுவையும் அவனுக்கே குடுத்துட்டாரு. அதுவும் தன் பேரை ரெண்டாவதாப் போட்டுட்டு அவன் பேரை முதல்ல! அவன் ஒரு மல்லித்தோட்டத்தை மிதிச்சிருப்பானா? அவனுக்கு ஊதா மொட்டுக்கும் வெள்ளை மொட்டுக்கும் வித்தியாசம் தெரியுமா? எங்க அப்பா விரல் நோவப் பிளந்த மொட்டு!

முழுசையும் படிக்கலாம்னு அமுக்கினேன். பூட்டுப் படம் வந்துச்சு. முழுக் கட்டுரையைப் பாக்கணும்னா சந்தா இருக்கணும், இல்லைன்னா முப்பத்தி ரெண்டு டாலர் கட்டுன்னு கேக்கு. கம்ப்யூட்டர் மிஸ்ஸு, "கட்டித்தான் பாருங்களேன் அக்கா, உள்ள என்ன இருக்குன்னு தெரியும்லா"ன்னா. நான் எழுதினதைப் படிக்க நான் துட்டு குடுக்கணுமா? என் வீட்டுக்குள்ள போக நான் டிக்கெட் எடுக்கணுமா? மாட்டேன்னுட்டேன். இன்னைக்கு வரைக்கும் கட்டலை. எனக்கு அந்த ஒரு பக்கம் போதும். உள்ள இருக்கிறது பூராவும் மனப்பாடமா தெரியும்லா.

அப்புறம் சும்மா இருப்பேனா? மனு எழுதினேன். ரிஜிஸ்ட்ராருக்கு ஒண்ணு, காலேஜ் கமிட்டிக்கு ஒண்ணு. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து இணைச்சேன். 'இக்கட்டுரை மேற்படி நபரால் எழுதப்பட்டதல்ல, ஏழை மாணவி ஒருவரின் உழைப்பு களவாடப்பட்டது.' கீழ பேரு போடலை. 'இப்படிக்கு, உண்மை விளம்பி.' பேரைப் போட்டா வேலை கேட்டுக் கிடைக்காத வயித்தெரிச்சல்னு ஒரே வரியில தள்ளிருவாங்க. அதான்.

நல்லா வேலை செஞ்சுச்சு மேடம்! அவனுக்குப் பேராசிரியர் பதவி உயர்வு வர வேண்டியது, அப்படியே நின்னு போச்சு. ரெண்டு வருசமா ஃபைலு நகரலை. விசாரணை நிலுவைன்னு எழுதிட்டாங்களாம். அவன் பதில் குடுத்தானாம், என்னன்னு கேளுங்க. 'அந்தக் கட்டுரை என்னுடையது அல்ல, அதில் உள்ள பெயர் யாருடையது என்று எனக்குத் தெரியாது.' மாமனும் அதையேதான் எழுதிக் குடுத்தாராம், சொந்தக்காரர் சாட்சி செல்லாதுன்னு தள்ளிட்டு, நான் இணைச்ச அந்தப் பக்கத்தை மட்டுந்தான் கமிட்டி பாத்துச்சாம். இங்க ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி இருக்கா, அவ சொன்னா. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். எந்தக் களவாணி என்னுதுன்னு ஒத்துக்கிட்டிருக்கான்? யாரு அந்த உண்மை விளம்பின்னு பாக்கிற ஆள்கிட்ட எல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியுதானாம். தூக்கம் இல்லையாம். பொண்டாட்டி கோயில் கோயிலா ஏறுதாளாம். ஏறட்டும். எங்க அப்பா பட்டதுல காவாசியாவது படட்டும்.

வார செவ்வாக்கிழமை கடைசி விசாரணை. தப்புன்னு முடிவானா பதவி உயர்வு கிடையாது, இருக்கிற ஹெட் பதவியும் போயிரும்னு சொல்லுதாங்க. இன்னைக்கு நான் அதைத்தான் முடிச்சு வைக்க வந்திருக்கேன். பழைய மாணவர்கள் ரெண்டு ரெண்டு நிமிசம் பேசலாம்னு அழைப்பிதழ்ல போட்டிருக்காங்க. பேரு குடுத்துட்டேன். மைக்கைப் பிடிச்சு, இந்தக் கருப்பு அட்டை தீசிஸை ஒரு கையிலயும் அந்தப் பிரிண்டை ஒரு கையிலயும் தூக்கிக் காட்டி, நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி. அவ்வளவுதான். அந்தப் பொன்னாடையை அவரு எப்படிப் போத்திக்கிடுதாருன்னு பாக்கேன்.

என்ன யோசிக்கீங்க? நம்பலையா? சரி, நீங்கதான் லைப்ரரியன் ஆச்சே. இந்தக் காலேஜ்ல அந்த டேட்டாபேஸுக்குச் சந்தா உண்டுல்லா? போன்லயே திறக்குமா? திறங்க. திறந்துதான் பாருங்களேன். பூட்டு இல்லாம வருதா? அப்போ நல்லதாப் போச்சு. என் துட்டு இல்லாமலே பாத்துரலாம். தட்டுங்க. மல்லிகை, மொட்டுப்புழு, சங்கரன்கோவில். வந்துட்டா? மூணாவதா நிக்கும் பாருங்க. அதான், அதேதான். பேரைப் பாருங்க. நான் சொன்ன மாதிரி இருக்கா இல்லையா? இப்போ அமுக்குங்க, முழுசாத் திறக்கட்டும்.

ஏன் அப்படிப் பாக்கீங்க?

எங்க அப்பா பேரா? அதான் சொன்னேனே, சங்கரலிங்கம். அதுக்கும் இதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்? கதவு நம்பரா? என் வீட்டுக் கதவு நம்பர் உங்களுக்கு எதுக்கு? இருபத்தி ஏழு. கீழ ரத வீதி. ஏன், என்ன?

குடுங்க. கண்ணாடி போட்டுக்கிடுதேன்.

'ஆவுடைச்செல்வி சங்கரலிங்கம்.'

முழுசாப் போட்டிருக்கு. முதல் பேரா போட்டிருக்கு. ரெண்டாவது எம். திரவியம். கீழ நட்சத்திரம் போட்டு, 'இருபத்தி ஏழு, கீழ ரத வீதி, சங்கரன்கோவில்.' எங்க வீடு. அது எங்க வீடு மேடம்.

இல்ல, அப்போ வெளிய ஏன் அப்படி காட்டுச்சு? ஆறு வருசமா எனக்கு... என்ன சொல்லுதீங்க, பையச் சொல்லுங்க. முதல் பேரா நிக்கிறவங்களுக்கு வெளிநாட்டுக்காரன் இனிஷியலை ஒத்துக்கிடமாட்டானா. முழுப்பேரு கேப்பானா. கடைசியில நிக்கிற பேருதான் குடும்பப் பேருன்னு அதை முன்னால எடுத்து வச்சிட்டு, நம்ம பேரை ஒத்தை எழுத்தாச் சுருக்கிருவானா. அப்போ அந்த 'ஏ' நான். அந்தச் சங்கரலிங்கம் எங்க அப்பா.

எங்க அப்பாவா அது?

கொஞ்சம் இருங்க. தண்ணி வேண்டாம். தேதி என்ன போட்டிருக்கு, அதைச் சொல்லுங்க. எந்த வருசம்? மாசம் இருக்கா? மார்ச்சா. நல்லாப் பாருங்க, மார்ச்சா? முதல் கவர் சித்திரையில வந்துச்சு. ஏப்ரல் கடைசி. கனமா இருந்துச்சுன்னு சொன்னேன்லா. பத்திரிகைக்காரன் எழுதினவங்களுக்குப் பிரதி அனுப்புவானா? அனுப்புவான். எனக்குத் தெரியும் அனுப்புவான்னு. சாருக்கு வந்த பிரதியைத்தான் அவரு எனக்குத் தபால்ல போட்டிருக்காரு.

அப்பா கையில இருந்துச்சு மேடம். கண்ணாடியை மாட்டிட்டாரு. பிரிக்கிறதுக்கு ஓரத்துல விரலை விட்டுட்டாரு. நான் புடுங்கினேன். "ஒரு தடவை பிரிச்சுப் பாத்துட்டு அனுப்பேன்மா"ன்னாரு. நான் புடுங்கி, 'வாங்க மறுத்தார்'னு எழுதுறாரான்னு நின்னு பாத்தேன். பாவி நான். அவரு பேரு அதுக்குள்ள இருந்துச்சு. மவ பேரும் அவரு பேரும் சேந்து அச்சுல, அவரு மடியிலேயே கிடந்துச்சு. அதுக்கப்புறமும் மூணு மாசம் உயிரோட இருந்து, தினமும் கேட்டாரு, வந்துட்டாம்மா, வந்துட்டாம்மான்னு.

நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. ஆறுதல் சொல்லாதீங்க, எனக்குப் பிடிக்காது.

இப்போ நான் யாரைத் திட்ட, சொல்லுங்க? இருபது வருசமா காலையில எந்திரிச்சா பல்லு விளக்கும்போதே அந்தாளைத் திட்டித்தான் எனக்குப் பழக்கம். அவரு ஒரு வார்த்தை வாயால சொல்லியிருக்கலாம்லா? துட்டி வீட்டு வாசல்ல நின்னாரே, கவரை நீட்டுனதுக்குப் பதிலா 'ஆவுடை, உன் கட்டுரை வந்திருக்கு'ன்னு ரெண்டு வார்த்தை... நான் எங்க சொல்ல விட்டேன். அது கிடக்கட்டும், விடுங்க. ஆனா ஒண்ணு, அந்த வேலை விசயத்துல நான் இப்பவும் விட்டுக்குடுக்க மாட்டேன். அது அக்கா மவன்னுதான் குடுத்தது. அதை எந்த டேட்டாபேஸ்ல தேடினாலும் மாத்த முடியாது. ஆமா.

என்ன, மைக்குல என்னமோ சொல்லுதாங்க? கெஸ்ட் வந்துட்டாராமா? வாசல்ல கார் சத்தம் கேக்குது. பழைய மாணவர்களை முதல்ல கூப்பிடப் போறாங்களாம். என் பேருதான். ச. ஆவுடைச்செல்வி. என்னைத்தான் கூப்பிடுதாங்க.

அந்த மனு ரெண்டும் அங்க இருக்குல்லா மேடம். ரிஜிஸ்ட்ரார் ஃபைல்ல ஒண்ணு, கமிட்டி ஃபைல்ல ஒண்ணு. கவரா இருந்தா திருப்பி அனுப்பலாம். அதை எப்படித் திருப்பி வாங்க? செவ்வாக்கிழமை அந்தப் பையன் போய் நிப்பான், என்னுது இல்லை, யாருதுன்னு தெரியாதுன்னு. ரெண்டு வருசமா உண்மையைத்தான் சொல்லியிருக்கான், ஒருத்தரும் நம்பலை. நான் பேசாம வீட்டுக்குப் போயிட்டா ஒருத்தருக்கும் தெரியப் போறதில்ல. உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். நீங்களும் இப்படி முழிச்சுப் பாக்கீங்க.

வாரான் பாருங்க. டீயோட நம்ம வரிசைக்கே வந்துட்டான். "நல்லா இருக்கீங்களா அக்கா, உங்களைத்தான் கூப்பிடுதாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க"ங்கான். இருபது வருசத்துல நான் அவனை ஒரு பார்வை பாத்ததில்ல. முடியெல்லாம் கொட்டிருச்சே. கண்ணுக்குக் கீழ இப்படிக் கருத்துக் கிடக்கு.

மேடம், உங்க போனைக் கொஞ்சம் என் கையில குடுங்க. அந்தப் பக்கம் மூடிராம அப்படியே குடுங்க. ஃபைலு இங்கயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க.

ஏ சங்கரலிங்கம். டிரேயை அந்த நாற்காலி மேல வச்சிட்டு எங்கூட மேடைக்கு வா. உண்மை விளம்பி யாரு, யாருன்னு ஊரெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தியாமே. வா, மைக்குல சொல்லுதேன்.